பர்சுக்குள் மடித்து வைத்த சீட்டு

போன புரட்டாசியில், உளுந்து விதைத்து முடித்த வாரம் அது. பசுவந்தனை பக்கம் எங்கள் ஊர். என் வீட்டுக்காரருக்கு விவசாயம்தான் தொழில். ஆனால் சுற்றுப்பட்டியில் அவரை எல்லோருக்கும் தெரிவது, கபடிப் போட்டிக்கு மைக் பிடிக்கிறவர் என்றுதான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு.

அந்த வாரம்தான் அந்தக் குரல் கம்மத் தொடங்கியது. எந்நேரமும் தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தார். "உருண்டையா என்னமோ நிக்குது. முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல" என்றார். சாப்பிட்டது உள்ளே ஒட்டிக்கொண்டால் எங்கள் பக்கம் அதைத் தொக்கம் என்போம். அதை எடுத்துவிடுவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். நான்தான் இழுத்துக்கொண்டு போனேன், மூன்று முறை. ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு துணுக்கை எடுத்துக் காட்டினார்கள். இரண்டு நாள் நன்றாக இருப்பார், மறுபடி செருமல். சோற்றைக் குறைத்து டீயைக் கூட்டினார். ஆள் பாதியாகிவிட்டார்.

கடைசியில் கோவில்பட்டியில் தொண்டை டாக்டரிடம் போனோம். மூக்கு வழியாகக் கேமரா விட்டுப் பார்த்தார். "கட்டி எதுவும் இல்ல அண்ணாச்சி. வயித்துப் புளிப்பு மேல ஏறித் தொண்டையைப் புண்ணாக்கிருக்கு" என்று மாத்திரை எழுதினார். டீயைக் குறைக்கச் சொன்னார், சாப்பிட்டதும் படுக்கக் கூடாது என்றார். ஒரு மாதத்தில் பாதி தேவலை. மீதி போகவில்லை. அடுத்த முறை டாக்டர், "எதை நெனச்சுப் பயப்படுதீங்க?" என்று கேட்டார்.

இவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கூட மைக் பிடித்த சிநேகிதர் போன வருடம் தொண்டைப் புற்றுநோயில் இறந்துபோனார். "அவனுக்கும் இப்படித்தான் செருமல்ல ஆரம்பிச்சுது." பதினேழு வருடம் கூடக் குடும்பம் நடத்துகிறேன், இந்தப் பயம் எனக்குத் தெரியாது.

பயமும் புளிப்பும் ஒன்றையொன்று கிளப்பிவிடும், செருமச் செருமத் தொண்டை இன்னும் ரணமாகும் என்று விளக்கிய டாக்டர், மனநல டாக்டரையும் பார்க்கச் சொல்லிச் சீட்டுக் கொடுத்தார். வாங்கி மடித்து என் பர்சுக்குள் வைத்தவள்தான், வெளியே எடுக்கவில்லை. ஊர் என்ன பேசும்? நாளைக்கு மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டாமா? கேட்டவர்களிடமெல்லாம், "தொக்கந்தான், சரியாப் போச்சு" என்று சாதித்தேன்.

பத்து நாள் கழித்து, உரம் வாங்கப் போகிறேன் என்று பஸ் ஏறியவர் சாயங்காலம்தான் வந்தார். "சீட்டை நாந்தான் எடுத்துட்டுப் போனேன்ட்டி. எல்லாத்தையும் சொன்னேன், அழுதுட்டேன்" என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அன்றைக்கு இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நானே குழம்பையும் ஊற்றினேன்.

அதன்பின் தவறாமல் போய்வந்தார். தை மாதம் எங்கள் ஊர்க் கபடிப் போட்டியில் மறுபடி மைக்கை வாங்கினார். பழைய கணீர் இன்னும் வரவில்லை, ஆனால் குரல் உடையவும் இல்லை.

"நாலு மாசமா என் குரல் எங்கன போச்சுன்னு கேட்டிய. புளிப்பு ஏறித் தொண்டை புண்ணாப் போச்சு. அதைவிடப் பெருசு, பயம். ரெண்டுக்கும் வைத்தியம் பாக்கேன். மனசுக்கும் டாக்டர் இருக்காவ. போகணும்னா எங்கிட்ட சொல்லுங்க, நானே கூட்டிட்டுப் போறேன். இப்போ ஆட்டத்தைப் பாப்போம்."

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அப்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் என் கையைப் பிடித்து, "யக்கா, அந்த டாக்டர் எங்கன இருக்காவ?" என்று மெதுவாகக் கேட்டாள். சீட்டை ஒளித்து வைத்த நானே, இவர் சொல்லிக் கேட்டிருந்தபடி, பஸ் நிறுத்தத்திலிருந்து அவளுக்கு வழி சொன்னேன்.

அந்தச் சீட்டு இப்போது மறுபடி என் பர்சில்தான் இருக்கிறது, கேட்கிறவர்களுக்கு எடுத்துக் காட்டுவதற்காக. அதைத் தொடும்போதெல்லாம், இப்படி ஒரு தைரியசாலிக்கு வாழ்க்கைப்பட்டிருக்கிறோம் என்று எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.