நூறு அண்ணனின் லிஃப்டு

உடம்புக்கு ஒன்றுமில்லாத மனிதர் ஸ்ட்ரெச்சரில் மல்லாந்து படுத்துப் போனைக் காதில் வைத்துக்கொள்கிறார். வார்டு ஊழியர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவரை லிஃப்டுக்குள் தள்ளுகிறார். மறுமுனையில் வீட்டிலிருந்து அவர் மனைவி எண்ணத் தொடங்குகிறார்: "ஒண்ணு... ரெண்டு... மூணு..." நூறு வரை எண்ண வேண்டும். அதனால் ஆஸ்பத்திரி முழுவதற்கும் அவர் நூறு அண்ணன்.

வேலை என்னவென்று சொல்வது எளிது. தரைத்தளம் வரை பேச்சைச் சுமப்பது வெளியே நிற்கும் செல்போன் டவர். தரைக்கு அடியில் இருக்கும் ஸ்கேன் அறைகளுக்கு அது எட்டாது. அங்கே கட்டடத்தின் வைஃபைதான். போய்க்கொண்டிருக்கும் பேச்சை ஒன்றிடமிருந்து வாங்கி மற்றொன்றிடம் கொடுப்பது வயர் அறையிலிருக்கும் கேட்வே பெட்டி. கைமாறியது பேசுகிறவருக்குத் தெரியவே கூடாது. "நடுவுல ஒரு நம்பர் காணாமப் போனாலும் வேலை பாழ்" என்பார்.

மற்றபடி வாயைத் திறக்காத ஆள். "இருபது வருஷமா பேசாத மனுஷன், இப்போ தினம் நாலு தடவை கூப்பிடறாரு. எதுக்கு? என்னை எண்ணச் சொல்றதுக்கு" என்று மனைவி அலுத்துக்கொள்வார். ஆனால் ஒரு நாளும் எண்ணாமல் இருந்ததில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன் அந்தப் பெட்டியை அமைத்தவரும் இவரேதான். அப்போது படிக்கட்டில் இறங்கி இறங்கிச் சோதித்தார். ஒரு தடவைகூட அறுபடவில்லை. ஸ்ட்ரெச்சர் படிக்கட்டில் போகாது என்பது அவருக்கு உறைக்கவில்லை. லிஃப்டின் இரும்புக் கதவு மூடிய நொடியே டவர் கைவிட்டுவிடும். வைஃபை பிடித்துக்கொள்ள அவகாசமில்லை. இதை அவருக்குக் காட்டிக்கொடுத்தது, இதே ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்த அவருடைய அக்காவின் போன்.

"தம்பி, ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போறாங்க. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்டா. நம்ம..."

அவ்வளவுதான். அன்று மாலையே அக்கா போய்விட்டார். அந்த "நம்ம"வுக்குப் பிறகு என்ன வந்திருக்கும் என்று இனி யாரைக் கேட்பது? "பெட்டி மேல குத்தமில்ல, என் மேலதான்" என்று மேலதிகாரியிடம் ஒரே ஒரு தடவை சொன்னார். நெஞ்சு இன்னும் ஆறவில்லை.

இப்போது லிஃப்டுக்குள்ளேயே ஆன்டெனா வைத்து, டவர் தளரும் முன்பே கேட்வே பேச்சை வாங்கிக்கொள்ளும்படி மாற்றியிருக்கிறார். இன்று கடைசிச் சோதனை.

"தொண்ணூத்தொம்போது... நூறு. எல்லாம் வந்துச்சா?"

"வந்துச்சு. ஒண்ணும் குறையல."

மனைவி வைக்கும்வரை காத்திருக்கிறார். எந்த அழைப்பையும் அவர் முதலில் துண்டிப்பதில்லை. மேலே வந்ததும் எழுந்து, கசங்கிய விரிப்பைத் தட்டிச் சரிசெய்கிறார். அதே ஸ்ட்ரெச்சரில் ஓர் அம்மாளை ஏற்றி உள்ளே தள்ளுகிறார்கள். அந்த அம்மாள் தன் மகளிடம் போனில் பேசிக்கொண்டிருக்கிறார்: "அழாதடி. சாவி எங்க இருக்குன்னு சொல்றேன், கேளு."

"மூடட்டுமாண்ணே? அதான் சரியாயிடுச்சே" என்கிறார் ஊழியர்.

அந்த அம்மாள் சாவி இருக்கும் இடத்தைச் சொல்லி, சாப்பிட்டுவிட்டுப் படுக்கச் சொல்லி, "சரி, வெச்சிடறேன்" என்று போனை மார்பில் சாய்க்கும்வரை, கதவைத் திறந்தே வைக்கும் பொத்தானிலிருந்து நூறு அண்ணன் விரலை எடுக்கவில்லை.