தவுக்கேயின் புரட்டாசி

செவுளைத் தூக்கிக் காட்டாமல் அர்ச்சுனன் ஒரு மீனையும் விற்றதில்லை. வேனின் பின்கதவைத் திறந்து, ஐஸுக்குள் கைவிட்டு ஒரு கெம்போங் மீனை எடுப்பார். கட்டைவிரலால் செவுளை நெம்பி, வெயில் விழுகிற பக்கமாகச் சாய்த்து, நம் முகத்துக்கு நேரே நீட்டுவார். "பாத்துக்குங்க டீச்சர். பாத்துட்டு வாங்குங்க." பார்க்காமல் "சரி, போடுங்க" என்று அவசரப்பட்டால் மீன் ஐஸுக்குள் திரும்பிப் போய்விடும். "நேத்து மீனுன்னா என் வாயாலயே சொல்லிருவேன். இன்னைக்கி மீனுன்னா நீங்க கண்ணால பாக்கணும்லா."

சாஆ ஊரில் எங்கள் தாமான் குடியிருப்புக்குள் அவர் வேன் நுழைந்ததும் இரண்டு முறை ஹாரன் அடிக்கும். முழங்கால் வரை மஞ்சள் பூட்ஸ், கழுத்தில் ஈரத்துண்டு. ஐம்பதைத் தாண்டிய ஆள். மலாய்க்காரப் பெண்களிடம் மலாயில், சீனக் கிழவியிடம் ஹொக்கியனில், என்னிடம் தமிழில் என்று மூன்று மொழியிலும் தன் மீனைப் பற்றி ஒரே பெருமையைத்தான் அடிப்பார். எவ்வளவு கழுவினாலும் முன்கையில் காய்ந்த செதில் ஒன்று ஒட்டிக்கொண்டு மினுங்கும். அது அவருக்குக் கைக்கடிகாரம் போல.

எல்லா மீன் தலையையும் விற்கமாட்டார். நல்லதாக இரண்டை ஒதுக்கி வைப்பார். கேட்டால், "அது தவுக்கேக்குச் சம்பளம்" என்பார். ஊரில் முதலாளியைத்தான் தவுக்கே என்பார்கள். அர்ச்சுனன் வீட்டில் அந்தப் பட்டம் ஒரு சாம்பல்நிறக் கடுவன் பூனைக்கு. போன தீபாவளி சமயத்தில் வேனுக்கு அடியில் வந்து படுத்தது. எழுந்து போகவே இல்லை. மாலையில் அவர் மீனை அவித்து, முள் பார்த்து, விரலால் பிசைந்து ஊட்டினால்தான் தின்னும். தட்டில் வைத்தால் திரும்பிக்கூடப் பார்க்காது. அவர் மனைவி மலர் என்னிடம் சொல்லிச் சிரிப்பாள்: "எனக்கு ஆபரேஷன் பண்ணுனப்பகூட இந்த மனுஷன் இப்பிடி ஊட்டல டீச்சர்."

அந்த ஆபரேஷனில் இருந்துதான் இந்தக் கதைக்கே வேர். இரண்டு வருடத்துக்கு முன்னால் மலருக்கு மார்பில் கட்டி. ஆஸ்பத்திரி வராந்தாவில் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்ற அர்ச்சுனன், பெருமாளிடம் பேரம் பேசிவிட்டார். மலர் உயிரோடு வீடு திரும்பினால், இருக்கிற காலம் வரைக்கும் புரட்டாசி பூராவும் மீனைக் கையால் தொடுவதில்லை. சைவமாக இருப்பது ஊரில் பாதிப்பேர் செய்வது. மீன் விற்கிறவன் மீனைத் தொடாமல் இருப்பது வேறு. மலர் திரும்பினாள். அதிலிருந்து புரட்டாசி பிறந்தால் வேனுக்கு மஞ்சள் தண்ணீர்க் குளியல், நெற்றியில் நாமம், ஐஸ் பெட்டி இருந்த இடத்தில் கத்தரிக்காய், கங்கோங் கீரை, மஞ்சள் பூசணிக்காய். காய்க்குச் செவுள் இல்லையே என்று ஒரு தரம் சீண்டினேன். வெண்டைக்காயின் நுனியை ஒடித்து என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

இந்த வருடம்தான் தவுக்கேக்கு முதல் புரட்டாசி. வீட்டுக்குள் மீன் வரக்கூடாது. கடையில் விற்கிற பூனை பிஸ்கட் ஒரு பெரிய பாக்கெட் வாங்கிப் போட்டார். பாக்கெட்டில் துள்ளும் மீன் படம் இருந்தது. அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டார்.

"அலமாக், படத்தத் திருப்பி வச்சா உள்ள இருக்கிற மீனு ஓடிப்போயிருமா?" என்று மலர் கேட்டாள்.

"அது மீனு இல்ல, பிஸ்கட்டு."

பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடும் என்பார்கள். இங்கே கண்ணை மூடிக்கொண்டவர் பூனைக்காரர்.

தவுக்கே பிஸ்கட்டைக் கொஞ்சம் கொறித்தது. தண்ணீர்க் கிண்ணத்தின் பக்கம் போகவில்லை. அதுவரை அதற்குத் தண்ணீரெல்லாம் மீன் சாறாகவே உள்ளே போயிருக்கிறது, யாருக்குத் தெரியும்? சில நாளில், அது வெளிக்குப் போவதற்கென்று வைத்திருந்த மணல் தட்டில் ஏறி உட்காருவதும், முதுகை வளைத்து முக்குவதும், ஒன்றும் வராமல் இறங்கி மூலையில் போய்ப் படுப்பதுமாக இருந்தது. அர்ச்சுனன் கீரை விற்கிற வாயால் இதையே தெருத்தெருவாகச் சொன்னார். "தவுக்கேக்கு வயிறு கட்டிக்கிச்சு டீச்சர். வெளிக்கிப் போவல." ஆளுக்கொரு வைத்தியம் வந்தது. ஒருத்தி விளக்கெண்ணெய் என்றாள், ஒருத்தி பப்பாளி என்றாள், கோடி வீட்டுக்காரர் தேங்காய்ப்பால் என்றார். யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாததால் நல்லவேளை அவர் எதையும் கொடுக்கவில்லை.

ஒரு புதன்கிழமை ஹாரன் அடிக்காமல் என் வாசலில் வந்து நின்றார். துணிக்கூடைக்குள் தவுக்கே. வாயோரம் நுரை. "முக்குறப்ப கத்துது டீச்சர். வாந்தியும் எடுத்துருச்சு. வேனு ஆட்டம் தாங்காது. ஒங்க காரு…" என்று நிறுத்தினார். செகாமாட் டவுன் மிருக ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் செம்பனை லாரிகளுக்குப் பின்னால் நான் ஊர்ந்தேன். அவர் கூடைக்குள் கைவிட்டபடி, "வந்தாச்சு தவுக்கே, வந்தாச்சு" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

மிருக டாக்டர் லோஷினி சின்னப் பெண். தவுக்கேயின் வயிற்றை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தாள். "மூத்திரம் அடைக்கல. அது அடைச்சிருந்தா இன்னும் ஆபத்து. ஆனா குடலு பூரா கல்லு மாதிரி இருக்கு அங்கிள். என்ன சாப்பாடு குடுக்குறீங்க?"

"முன்னுக்கு மீனு. இப்ப பிஸ்கட்டு."

"ஏன் மாத்துனீங்க?"

"புரட்டாசி டாக்டர்."

"பூனைக்குமா?"

"வீட்டுக்கு," என்றார் அர்ச்சுனன், கூடையைப் பார்த்துக்கொண்டே.

அவள் சிரிக்கவில்லை. அன்று பகல் முழுக்கத் தவுக்கேயை அங்கேயே வைத்து, மருந்தேற்றி, எனிமா கொடுத்துக் குடலைக் காலி செய்தாள். அனுப்பும்போது ஒரு சிரப்பைக் கொடுத்து, கறாராகவும் சொன்னாள். காய்ந்த தீனி மட்டும் கூடாது. உப்புப் போடாத மீன் தண்ணி, ஈரமான சாப்பாடு, கூட ஒரு கரண்டி அவித்த மஞ்சள் பூசணி. "திரும்பியும் இப்பிடி இறுகுச்சுன்னா குடலு வேலை செய்யாமப் போயிரும் அங்கிள். அப்புறம் ஆபரேஷன்தான். இது தாங்குமான்னு என்னால சொல்ல முடியாது."

பூசணிக்காய்க்கு வேனில் பஞ்சமில்லை. நல்ல காயாகப் பார்த்து அவித்து மசித்து நீட்டினார். தவுக்கே முகத்தைத் திருப்பிக்கொண்டது. டாக்டர் கொடுத்த டின் உணவை மலர் திறந்து வைத்தாள். அதை மோந்து பார்த்துவிட்டு, மண்ணள்ளி மூடுவதுபோலத் தரையைப் பிராண்டியது. மலர் பக்கத்து மலாய்க்கார வீட்டு அடுப்பில் கெம்போங் அவித்துக் கொண்டுவந்து ஊட்டிப் பார்த்தாள். அவள் விரலை மோந்தது, மறுபடி மூலைக்குப் போய்விட்டது. வெள்ளிக்கிழமையும் மணல் தட்டு வெறும் தட்டாகவே இருந்தது.

சனிக்கிழமை காலை நலம் விசாரிக்கப் போனேன். பின்பக்கத் தாழ்வாரத்தில் மீன் கிண்ணம் ஆவி பறக்க இருந்தது. அதற்கு எட்ட நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மீனையும் பூனையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார் அர்ச்சுனன்.

"ஒங்க கையாலதான் திங்கும். தெரியுதுல்ல?" என்றாள் மலர்.

"நான் வாக்குக் குடுத்துருக்கேன் மலரு."

"தெரியும்."

"நாளைக்கி ஒனக்கு ஒண்ணு ஆனா நான் எங்க போவேன்?" பூனைக்காக மட்டும் தவிக்கிறார் என்று அதுவரை நினைத்திருந்த எனக்கு அப்போதுதான் உறைத்தது. மனிதர் இரண்டு உயிருக்கு நடுவில் நின்றிருக்கிறார்.

மலர் மோடாவை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இங்க பாருங்க. கத்தி பட்டது என் ஒடம்புல. வலிச்சது எனக்கு. வேண்டிக்கிட்டது மட்டுந்தான் நீங்க. எனக்காகக் குடுத்த வாக்குல எனக்கும் பாதி இருக்குல்ல? நான் சொல்றேன், தொடுங்க. அந்தப் பெருமாளே மொதமொதல்ல மீனாத்தானே அவதாரம் எடுத்தாரு? மீனத் தொட்டதுக்கா கோவிச்சுக்குவாரு?"

அர்ச்சுனன் உள்ளே போனார். குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. தலை ஈரத்தோடு, நாமம் புதிதாக இட்டுக்கொண்டு வந்தார். சாமி படத்தைப் பார்த்து, "நீங்களே பாத்துக்குங்க" என்று மட்டும் சொன்னார். பிறகு தாழ்வாரத்தில் சம்மணமிட்டு, கிண்ணத்துக்குள் கையை விட்டார்.

அந்தக் கைக்கு வேலை மறக்கவில்லை. தோலை உரித்து, முள்ளை ஒவ்வொன்றாக உருவி, சதையை மீன் தண்ணீரில் கரைத்து, பூசணியை அதிலேயே மசித்தார். விரலில் எடுத்து நீட்டினார். "வா தவுக்கே. சம்பளம்." அது வெகுநேரம் அந்த விரலை மோந்தது. பிறகு நக்கியது. பிறகு விரலையும் சேர்த்து விழுங்கிவிடுவதுபோலத் தின்றது. மலர் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். நானும் பார்வையைத் தோட்டத்துப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் போனிலும் விசாரித்தேன். இன்னும் ஒன்றும் ஆகவில்லையாம். "எப்பிடி இருக்கு, எப்பிடி இருக்குன்னு மணிக்கொரு தரம் கேட்டு உசிர எடுக்குறாரு டீச்சர்" என்றாள் மலர். "பூனையவா, என்னையவான்னு கேட்டேன். ரெண்டு பேரையுந்தாங்கிறாரு."

ஞாயிற்றுக்கிழமை அவர் வேன் வருகிற நாள் இல்லை. ஆனாலும் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது ஹாரன் இரண்டு முறை அடித்தது. வெளியே வந்தேன். அர்ச்சுனன் வாசலில் நின்றார். நெற்றியில் நாமம், முன்கையில் காய்ந்த செதில் ஒன்று மினுங்கியது. கையில் மீன் கட்டிக் கொடுப்பதுபோல மடித்த பத்திரிகைப் பொட்டலம்.

"மலர் எப்பிடி இருக்கா?" என்றேன்.

"நல்லா இருக்கா டீச்சர். பசியாறிட்டு இருக்கா."

"தவுக்கே?"

பொட்டலத்தைப் பிரித்தார். மணல் தட்டின் வாடை குப்பென்று அடித்தது. கட்டைவிரலால் தாளின் ஓரத்தை நெம்பி, வெயில் விழுகிற பக்கமாகச் சாய்த்து, என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"பாத்துக்குங்க டீச்சர்."