போணிக்கு ஒரு எலுமிச்சம்பழம்

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் எப்போதும் எலுமிச்சம்பழம் கிடக்கும். வேண்டும் என்று வாங்கியவை அல்ல. ஜெர்மனியின் வடக்கே நாங்கள் இருக்கும் இந்தச் சின்ன ஊரில் சூப்பர் மார்க்கெட்டைக் காலை ஏழு மணிக்குத் திறக்கிறார்கள். பல நாள் முதல் ஆளாக நான்தான் உள்ளே போவேன். தேடிப் போன தயிர் வந்திருக்காது, இல்லையென்றால் கொத்தமல்லி வாடிக் கிடக்கும். இந்த ஊர்க்காரர்கள் கையை வீசிக்கொண்டு வெளியே போய்விடுவார்கள். எனக்குக் கால் வராது. ஒரு கடைக்கு முதல் ஆளாக நுழைந்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவதா? வாசல் பக்கம் குவித்திருக்கும் எலுமிச்சையில் ஒன்றை எடுத்துக்கொண்டு, பில் போடும் இயந்திரத்தின் முன்னால் போய் நிற்பேன். அது என் முகத்தைப் பார்க்காது, காசைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளவும் செய்யாது. கார்டை வைத்தால் ஒரு சத்தம், அவ்வளவுதான். என் போணி யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று தெரியாமலே வீட்டுக்கு வருவேன். "இன்னிக்கும் எலுமிச்சம்பழச் சோறுதானா?" என்று கேட்பார் கணவர். அவர் கடைக்காரர் வீட்டில் பிறந்தவர் இல்லை, அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

நான் பிறந்தது மதுரை செல்லூரில், ஒரு கடையின் பின்கட்டில். விடிவதற்கு முன்பே தறிச் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும் சந்து அது. அப்பா போனபிறகு அந்த மளிகைக் கடையை என் அக்கா பாண்டியம்மாள் எடுத்து நடத்தினாள். என்னைக் காலேஜ் வரைக்கும் படிக்க வைத்ததும் அந்தக் கடைதான். தறிக்குப் போகிறவர்கள் வரும் வழியில் பீடியோ பிஸ்கட்டோ வாங்குவார்கள். அதுதான் போணி, அன்றைய நாளின் முதல் வியாபாரம். அந்தக் காசை அக்கா இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு கல்லாவில் போடுவாள். போணி ஆகும் முன்னால் வந்து விலை கேட்டுவிட்டு வாங்காமல் போனவர் தீர்ந்தார். எங்கள் தெருவில் யாரும் அப்படிச் செய்யமாட்டார்கள். தேடி வந்த சாமான் இல்லாவிட்டாலும், ஒரு தீப்பெட்டியாவது வாங்கிக்கொண்டுதான் படி இறங்குவார்கள்.

அதற்காக அந்தச் சந்தைச் சொர்க்கம் என்று நான் சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். கூடக் கால் கிலோ ரவை வாங்கினால், "யாரு வந்திருக்காக, மாப்பிள்ளை வீடா?" என்று நாலு பேர் கேட்கும் தெரு அது. நாப்கினைச் செய்தித்தாளில் சுற்றி, அதற்குமேல் கறுப்புப் பையில் போட்டுக் கொடுத்தாலும், பை யார் வீட்டுக்குப் போகிறது என்பது தெருவுக்கே தெரியும். இந்த ஊருக்கு வந்து சூப்பர் மார்க்கெட்டில் முதன்முதலாகத் தள்ளுவண்டியை உருட்டியபோது எனக்கு அம்மாடி என்று இருந்தது. எதை எடுத்தாலும் ஏன் என்று கேட்க ஆளில்லை. எதை எடுத்தாலும் கேட்க ஆளில்லை என்பதே பிறகு வருத்தமாகவும் ஆனது. காய்ச்சலோடு போய் ரொட்டி வாங்கி வந்த நாளில், உனக்கு என்ன என்று ஒரு ஆள் கேட்டிருந்தால் அங்கேயே அழுதிருப்பேன்.

போன வருடம் செல்லூரில் எங்கள் சந்து மெயின் ரோட்டில் சேரும் இடத்திலேயே பெரிய சூப்பர் மார்க்கெட் ஒன்று வந்தது. ஏசி, வாசலில் பலூன், எண்ணெய்க்கு ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம். நான் இங்கே கண் விழிக்கும்போது அங்கே வெயில் ஏறியிருக்கும். எழுந்ததும் அக்காவுக்குப் போன் போட்டு, "போணி ஆச்சாக்கா?" என்று கேட்பதுதான் எங்கள் வணக்கம். முன்பெல்லாம், "அதெல்லாம் விடியவே ஆயிருச்சு, நீ காப்பி குடிச்சியா?" என்பாள். சூப்பர் மார்க்கெட் வந்தபிறகு, "இன்னும் இல்லடி" என்ற பதில் அடிக்கடி வரத் தொடங்கியது. தறிக்காரர்களும் குறைந்துபோனார்கள். பின்னால் அக்கா வீட்டுக்காரர், என் மச்சானின் குரல் கேட்கும். "சித்திரைத் திருவிழா வரைக்கும் பாப்போம். அதுக்கு மேல தாங்காது, மூடிருவோம். நான் அந்தக் கடைக்கே வாட்ச்மேனாப் போயிர்றேன்." அக்கா பேச்சை மாற்றி, நான் என்ன சாப்பிட்டேன் என்று கேட்பாள். கடையை மூடினால் சோற்றுக்கு வழியில்லாமல் போய்விடாது, நான் இருக்கிறேன். ஆனால் விடிந்ததும் ஷட்டரைத் தூக்காமல் என் அக்காவால் எப்படி ஒரு நாளைத் தொடங்க முடியும்? அந்தப் பயம் என்னைப் பிடித்துக்கொண்டது.

அந்த நாட்களில்தான் கறிவேப்பிலை தேடி ஒஸ்மானின் கடைக்குள் போனேன். ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒற்றைக் கதவுக் கடை. துருக்கியிலிருந்து இளம் வயதில் வந்தவர், நரைத்த தாடி. கறிவேப்பிலை என்றால் அவருக்கு என்னவென்றே தெரியவில்லை. நான்தான் முதல் ஆள். வழக்கம்போல ஓர் எலுமிச்சம்பழம் வாங்கினேன். அடுத்த முறை புளி இல்லை, எலுமிச்சம்பழம். மூன்றாவது முறை அவர் கவலையோடு, "வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். நான் என் ஓட்டை ஜெர்மனில், "முதல் வாடிக்கையாளர், வெறுங்கை, நல்லதில்லை" என்று விளக்கினேன். முதல் வாடிக்கையாளருக்குத் தள்ளுபடி கேட்கிறேன் என்று எடுத்துக்கொண்டு அவர் விலையைக் குறைத்தார். நான் பதறி முழுக் காசையும் வைத்தேன். நான் கோபித்துக்கொண்டேன் என்று நினைத்து, மறுநாள் ஒரு பை நிறைய எலுமிச்சையைச் சும்மாவே நீட்டினார். காசு வாங்காமல் கொடுத்தால் அது போணியா? நல்ல வம்பில் மாட்டிக்கொண்டேன்.

பையை வாங்க மாட்டேன் என்று நின்று, ஒரே ஒரு பழத்தை எடுத்து நாணயத்தை அவர் உள்ளங்கையில் வைத்தேன். பிடிவாதக்காரி என்று நினைத்தாரோ என்னவோ, சிரித்துக்கொண்டே அந்த நாணயத்தைத் தாடியில் தொட்டு, உதட்டுக்குள் ஏதோ சொல்லிவிட்டுக் கல்லாவில் போட்டார். எனக்குச் சிலிர்த்துவிட்டது. அது என்ன என்று கேட்டேன். "சிஃப்தா" என்றார். நாளின் முதல் வியாபாரத்துக்கு அவர்கள் ஊரில் அதுதான் பெயராம். அவருடைய அப்பா கடை வைத்திருந்த தெருவில், தனக்குச் சிஃப்தா ஆகிவிட்டால் அடுத்து வருகிறவரை, "பக்கத்துக் கடைக்கு இன்னும் ஆகவில்லை, அங்கே போய் வாங்குங்கள்" என்று அனுப்பிவைப்பார்களாம். அன்றைக்கு நான் நடந்து வரவில்லை, ஓடி வந்தேன். வந்ததும் அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "அம்புட்டு நல்ல மனசா அந்த ஊர்க்காரவுகளுக்கு" என்றாள். பிறகு சிரித்தாள். "எனக்குப் பக்கத்துக் கடைன்னா இந்த ஏசிக் கடைதான். அவென் அனுப்புவான்னு நெனைக்கிற?"

பங்குனிக் கடைசியில், திருவிழா முடியும் வரைக்கும் லீவு போட்டுக்கொண்டு மதுரைக்குப் போனேன். முதல் நாள் காலை அக்கா ஷட்டரைத் தூக்கியதும், குளித்து முழுகி நின்ற நான் ஐம்பது ரூபாய் நோட்டை நீட்டி, "போணி பண்ணுக்கா, ஒரு சோப்பு குடு" என்றேன். இதற்காகவே கடல் கடந்து வந்தவள் மாதிரி இருந்தேன். அக்கா நோட்டைத் தொடவே இல்லை. "கூறு கெட்டவளே, வீட்டாளு காசு போணியாகுமா? அப்பிடின்னா ஒங்க மச்சான் சட்டப் பையில இருந்து எடுத்துத் தெனமும் நானே போட்டுக்கிட மாட்டேனா? சோப்ப எடுத்துக்கிட்டுப் போ." எனக்கு முகம் விழுந்துவிட்டது. யார் யாருக்கோ போணி பண்ணுகிறவளுக்கு, சொந்த அக்காவுக்குச் செய்ய முடியவில்லை. பணம் அனுப்பலாம், ஷட்டருக்குப் பெயிண்ட் அடிக்கலாம். இந்த ஒன்றை மட்டும் செய்ய முடியாது. ஒன்பது மணி நெருங்கியும் ஒரு ஆள் வரவில்லை. அக்கா ஈரத்துணியால் துடைத்த டப்பாக்களையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் சூப்பர் மார்க்கெட் சட்டை போட்ட ஒரு ஆள் வேர்க்க வேர்க்க வந்து நின்றான். அந்தக் கடையின் மேனேஜர், மதுரைக்கு மேற்கே எழுமலை ஊர்க்காரன் என்று பிறகு தெரிந்தது. "அக்கா, ஒரு எலுமிச்சம்பழம், கற்பூரம், கொஞ்சம் பச்ச மொளகா குடுங்க. சீக்கிரம், ஷட்டரத் தூக்கணும்." அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏந்தம்பி, உள்ள அம்புட்டு அடுக்கி வச்சிருக்கீக. அதுல ஒண்ண எடுத்துக்கிட வேண்டியதுதான?"

"கடை வச்சிருக்க நீங்களே இப்பிடிக் கேட்டா எப்பிடிக்கா? போணிக்கு முன்னாடி சொந்தச் சரக்குல கை வைப்பாகளா? தெனமும் பஸ் ஸ்டாப்புல பூக்காரம்மாட்ட வாங்குவேன். அவுக ஊருக்குப் போயிட்டாக."

அக்கா எலுமிச்சைக் கூடையை முன்னால் இழுத்தாள். நல்ல பழமாகப் பொறுக்கி எடுத்தாள். கற்பூரத்தைத் தாளில் மடித்தாள், மிளகாயை அள்ளி வைத்தாள், பழக்கதோஷத்தில் ஒரு கொத்துக் கறிவேப்பிலையையும் கொசுறாகப் போட்டாள். காசை வாங்கி இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். அவன் தலை மறைந்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "பக்கத்துக் கடைக்காரென் அனுப்புவானான்னு கேட்டேன். அவெனே வந்து நிக்கிறான் பாரு" என்றாள்.

என் அக்கா அதோடு விட்டிருந்தால் அது ஒரு நாள் போணியாகவே போயிருக்கும். அன்று மத்தியானம் சோறு தின்னும்போதே, "மெயின் ரோட்டுல எம்புட்டுக் கடை இருக்கு, எல்லாவனும் கற்பூரம் கொளுத்தித்தான தெறக்கிறான்" என்று மச்சானிடம் சொன்னாள். மறுநாளிலிருந்து எலுமிச்சையும் மிளகாயும் கோத்த சரங்கள், கற்பூரம், பத்தி, உதிரிப் பூ. காலையில் மச்சான் வண்டியில் போய் செல்போன் கடைக்கும் ஹோட்டலுக்கும் மருந்துக் கடைக்கும் கொடுத்துவிட்டு வந்தார். கோக்கிற வேலையும் அவருடையதே. முதல் இரண்டு நாள் மிளகாய்க் கையைக் கண்ணில் வைத்துக்கொண்டு தெருவே பார்க்கக் குதித்தார். அரிசி, எண்ணெய் வியாபாரம் திரும்பி வரவில்லை, வரவும் வராது. எண்ணெய் வாங்க அக்காவே அந்தக் கடைக்குப் போகிறாள். "சல்லிசா இருந்தா வாங்க வேண்டியதுதான, அதுல என்ன ரோசம்?" என்கிறாள். ஆனால் சித்திரைத் திருவிழா வந்து போயிற்று, கடையை மூடும் பேச்சு வரவில்லை. வாட்ச்மேன் வேலையைப் பற்றி நான் கேட்டபோது மச்சான் காது கேளாதவர் போல நூலைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். அக்காதான் பதில் சொன்னாள்: "ஆனைக்கு ஒரு காலம்னா பூனைக்கு ஒரு காலம்டி."

இங்கே திரும்பிய மறுநாள், அக்கா போட்ட எலுமிச்சை ஊறுகாயை ஒரு பாட்டிலில் எடுத்துக்கொண்டு ஒஸ்மானின் கடைக்குப் போனேன். அப்போதுதான் கதவைத் திறந்திருந்தார். மேனேஜர் வந்த கதையைப் பாதி ஜெர்மனிலும் பாதி கையாலும் சொன்னேன். இந்த முறை ஒன்றும் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை. மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். எனக்கென்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுத் தேநீர் ஊற்றினார். நான் வழக்கம்போல ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து நாணயத்தை நீட்டினேன். அவர் கையை நீட்டவில்லை.

"இல்லை. சிஃப்தா வெளியாள் கையிலிருந்து வர வேண்டும்" என்றார். "நீ உட்கார். யாராவது வரட்டும்."

செல்லூரில் அக்கா சொல்லி என் முகம் விழுந்ததே, அதே பேச்சுதான். இங்கே கேட்டதும் ஸ்டூலைக் கல்லாப் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பையில் போன் அடித்தது, அக்கா. "இங்க விடியவே போணி ஆயிருச்சுடி" என்றாள். "அங்க ஆச்சா?"

"இன்னும் இல்லக்கா" என்றேன். ஒரு கையில் பழமும் ஒரு கையில் செல்லாத காசுமாக, ஒஸ்மானோடு சேர்ந்து நானும் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தேன், முதல் ஆள் வருகிறாரா என்று.