பெரியவருக்கு இல்லாத சடை

எனக்கு அஞ்சாம் வகுப்புப் படிப்புதான். நாலு பேர் எதிரில் பேசவே கூச்சம். தொண்ணூறுகளில் மகாபலிபுரத்தில் இட்லிக்கடை போட்டிருந்தபோது, அர்ஜென்டினா நாட்டுக்காரர் ஒருவர் டேப்பில் பாட்டு போட்டுக்கொண்டே சாப்பிடுவார். டாங்கோ என்று பேராம். பிறந்த தெருவும் போச்சு, பிரியப்பட்டவளும் போனாள் என்று பாடுகிறார்களாம். கூட வந்த கைடு சொன்னார். "எங்க அத்தை இதவிட நல்லா பாடும்" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது. ஆனால் பொய்யில்லை.

சதுரங்கப்பட்டினத்தைச் சுற்றி எந்தச் சாவு என்றாலும் ஒப்பாரிக்கு என் அத்தையைத்தான் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்டவள், என் எட்டு வயதில், தன் ஒரே மகள், எப்போதும் இரட்டைச் சடையோடு திரிந்தவள், காய்ச்சலில் போனபோது வாயே திறக்கவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அதற்கப்புறம் எந்தச் சாவிலும் பாடவில்லை. தொண்டை கட்டிக்கொண்டது என்று நானே முடிவு செய்து, தினமும் இஞ்சி இடித்துச் சாறு கொடுத்தேன். மறுக்காமல் குடித்தாள்.

அந்த வருஷம் அறுப்பு சமயத்தில் பண்ணை வீட்டுப் பெரியவர் செத்துப்போனார். போகாமல் இருக்க முடியாத வீடு. அவர்கள் நிலத்தில்தான் எங்கள் சனத்துக்குக் கூலி வேலை. நானும் போய் அத்தையை ஒட்டி உட்கார்ந்தேன். மற்றவர்கள் பாடிப் பார்த்தார்கள், எடுபடவில்லை. அத்தை உம்மென்று இருந்தாள்.

"இன்னாடி, வாயில கொழுக்கட்டையா வச்சிகினு கீற?" என்றாள் ஒருத்தி.

"அவ கதை முடிஞ்சிதுக்கா, வேற ஆளப் பாரு" என்றாள் இன்னொருத்தி.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. பாவாடையில் முடிந்து வைத்திருந்த இஞ்சித் துண்டை அத்தை கையில் திணித்தேன். அவள் என்னைப் பார்த்தாள். என் தலையைப் பார்த்தாள். பிறகு குரல் எடுத்தாள்.

"ஒத்தச் சடை பின்னி வச்சேன், என் ரத்தினமே,
மறு சடைக்கு நீ இல்லியே..."

கேலி பேசியவள் அத்தையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கதறினாள். பண்ணையம்மா உள்ளேயிருந்து ஓடிவந்து வாசலில் விழுந்து அழுதார். எனக்குத்தான் ஒரே கவலை. பெரியவர் சுத்த வழுக்கை. அத்தையைக் கிள்ளி, "அத்தே, அவருக்கு முடியே கெடையாது!" என்றேன் காதில். அவள் நிறுத்தவில்லை. கேட்டவர்கள் யாரும் தப்பு கண்டுபிடிக்கவும் இல்லை. வழுக்கைத் தலைக்குச் சடை பின்னி ஊரையே அழவைக்க எங்கள் அத்தையை விட்டால் யாரால் முடியும்!

திரும்பும்போது கால்வாய்க்கரையில் என்னை உட்காரவைத்துத் தலையை அவிழ்த்தாள். எனக்கு எப்போதும் ஒற்றைச் சடைதான். அன்று இரட்டைச் சடை. முதல் சடை சீக்கிரம் முடிந்தது. இரண்டாவதைப் பின்னுவதும் அவிழ்ப்பதுமாக வெகுநேரம் ஆக்கினாள். எனக்குக் கால் மரத்துப்போனது.

சடை இரண்டையும் முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு, "அத்தைக்குக் கொரலு வந்துடிச்சு, இஞ்சி இடிச்சது நான்தான்" என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு சடையும் எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.