மானுக்கு விதைத்தது

ஆறு வருடமாக என் மனைவியின் கண்ணில் மட்டும் மான் படவில்லை. லாஷூட் என்ற சிற்றூருக்கு அப்பால், லீவு நாட்களில் போய் இருக்க நாங்கள் வாங்கிய சின்னக் கொட்டேஜின் பின்பக்கம் கால் ஏக்கர் வெளி, அதற்குப் பிறகு காடு. நான் பார்த்தேன், மகள் பார்த்தாள், தண்ணீர்க் குழாய் திருத்த வந்தவன்கூடப் பார்த்தான். இவள் ஓடி வந்து ஜன்னலில் நிற்கும்போது புல் மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். குளம்படியும் புழுக்கையும்தான் அவளுக்கு மிச்சம்.

"அடுப்படியை விட்டு வெளியில வாருமன். மான் என்ன புட்டுக் கேட்டு உள்ள வருமே?" என்று பகிடி பண்ணுவேன்.

"நீங்கள் போடுற சத்தத்துக்கு மான் என்ன, கரடியும் வராது."

அதில் பொய்யில்லை. முப்பது வருடம் லொறி ஓட்டியவனுக்கு மெதுவாகக் கதைக்க வராது.

போன வருடம் யூலையில் டொக்டர் எங்களைக் கூப்பிட்டு இருத்தினார். சின்ன வயதுப் பெண், பிரெஞ்சில் நிதானமாகச் சொன்னார். வயிற்றுக் கட்டிக்கு மருந்து இனிக் கேட்காது, அதனால் நிறுத்துகிறோம், வசந்தத்தைக் காண்பார் என்று என்னால் சொல்ல முடியாது என்றார். கடைச் சமையலறையில் இருபது வருடம் இடியப்பம் பிழிந்தவளுக்குப் பிரெஞ்சு என்றால் போன்ஷூரும் மெர்சியும்தான். எப்போதும் நான்தான் மொழிபெயர்ப்பாளர்.

"என்னவாம்?" என்று என் முகத்தைப் பார்த்தாள்.

"மருந்து போதுமாம். இனி உடம்பு தானாத் தேறட்டுமாம்."

அவ்வளவு நீளமான பேச்சு இவ்வளவு சின்னதாக முடிந்ததை டொக்டர் கவனித்தார். விளங்கிவிட்டதா என்று என்னிடம் கேட்டார். ஓம் என்றேன். படுபாவி, கண் வெட்டாமல் சொன்னேன்.

காரில் ஏறியதும், "அப்ப இனி ஊசி இல்லையோ?" என்றாள். இல்லை என்றதும் கோயிலடியில் நிறுத்தச் சொல்லி, முருகனுக்கு அர்ச்சனை செய்வித்து, நெற்றி நிறைய வீபூதியோடு சிரித்துக்கொண்டு வந்தாள். மகளுக்கு அன்று பின்னேரமே போனில் சொன்னேன். "அம்மாட்டைச் சொல்லிப்போடாதேங்கோ அப்பா, மனம் விட்டிடுவா," என்று அவள் அழுதாள். எங்கள் ஆட்களின் வழக்கம் இது. வருத்தக்காரருக்கு மட்டும் தெரியாது, மற்ற எல்லாருக்கும் தெரியும்.

தேறிவிட்டேன் என்று நம்பியவள் இந்த முறை மானுக்கு ஏதாவது விதைப்போம் என்று பிடிவாதமாக நின்றாள். அப்பிளும் காரட்டும் வாங்கிக் கொட்டுவோமென்றால் அந்தப் பக்கத்தில் அது தடை. பயிர் வளர்க்கலாம். ஓகஸ்ட் தொடக்கத்தில் விதைக்கடைக்குப் போனோம்.

கடைக்காரர் இரண்டு பையை முன்னால் வைத்தார். ஒன்று ஓட்ஸ். ஒரு கிழமையில் முளைக்கும், செப்டம்பரில் மான் வந்து மேயும், கடும் குளிரில் செத்துப்போகும். மற்றது குளோவர், மூவிலைப் புல். இந்த வருடம் வேர்தான் பிடிக்கும், அடுத்த வசந்தத்தில்தான் மானுக்கு ஆகும், ஆனால் ஒருமுறை போட்டால் மூன்று நாலு வருடம் கிடக்கும். அன்றைக்குப் பார்த்து ஒரு சொல் பிசகாமல் மொழிபெயர்த்தேன்.

"குளோவர்," என்றாள் உடனே.

"ஓட்ஸை எடுப்பம்."

"ஏனப்பா? ஒவ்வொரு வருசமும் ஆர் கொத்துறது? இதைப் போட்டா நாலு வருசத்துக்குக் கவலை இல்லை."

"இந்த வருசமே பாக்கலாமெல்லே?"

"ஏன் அந்தரப்படுறியள்? ஆறு வருசம் இருந்தன், இன்னொரு வருசம் இருக்க மாட்டனே? வாற வருசத்துக்கு இப்ப என்ன வந்தது?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். இன்னும் ஒரு சொல் வாதாடினால் எல்லாம் வாயிலிருந்து கொட்டிவிடும் என்று பயந்து, குளோவர்ப் பையைத் தூக்கித் தோளில் வைத்தேன். இரண்டையும் கலந்தே விதைக்கலாம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒரு வாய்ச்சொல் கேட்டிருந்தால் அந்த மனுசன் சொல்லியிருப்பார். வாய்க்காரன் என்று பெயரெடுத்தவன் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

நான் கொத்தி விதைக்க, அவள் கதிரையில் இருந்து ஏவினாள். "பந்தியில சோறு போடுற மாதிரிப் போடாதேங்கோ, மெல்லத் தூவுங்கோ!" நானும் வேண்டுமென்றே பிழையாகத் தூவினேன், அவள் ஏசட்டும் என்று.

ஒக்டோபரில் கடைசியாக அங்கே போனோம். குளோவர் ஒரு விரல் உயரம்கூட வரவில்லை. போர்வையைப் போர்த்துக்கொண்டு இரண்டு நாள் ஜன்னலடியில் இருந்தாள். நான் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் நடந்தேன், தும்மலைக்கூட அடக்கினேன். ஒன்றும் வரவில்லை. "பரவாயில்லை, வாற வருசம் வருவினம்," என்று அவள் எனக்கு ஆறுதல் சொன்னாள். விறகு எடுக்கப் போகிறேன் என்று வெளியே போய், கொட்டிலுக்குப் பின்னால் நின்று அழுதேன்.

நவம்பரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒரு நாள் காலை நான் காரை வேறு இடத்தில் விடப் போயிருந்த நேரம், புதிதாக வந்த டொக்டர் போனில் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைப் பிடித்திருக்கிறார். எங்கேயோ இருந்த ஒரு தமிழ்ப் பெண். அவர் எல்லாவற்றையும் விடாமல் சொல்லிவிட்டார். அவர் செய்தது அவருடைய வேலை.

நான் திரும்பி வந்தபோது அவள் தலையணையில் சாய்ந்திருந்தாள். அழுத மாதிரித் தெரியவில்லை.

"யூலையிலயே சொன்னவையாமே?"

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நீர் பயந்திடுவீர் எண்டுதான்..."

"பயந்திருப்பன்தான்," என்றாள். நாற்பது வருடத்தில் அவள் என்னோடு எத்தனையோ தரம் கோபப்பட்டிருக்கிறாள், அவ்வளவு மெதுவாக ஒருநாளும் கோபப்பட்டதில்லை. "ஆனா ஓட்ஸைப் போட்டிருப்பனப்பா. ஒருக்காவாவது பாத்திருப்பன்."