ரெண்டு டிஸ்க்குக்கும் பொட்டு

“இல்லீங்க, அதுக்கு டிவி மாதிரி முன்னால கண்ணாடியெல்லாம் வேண்டாங்க. வெறும் பொட்டிதான். ஒரு மூலையில கெடக்கும். குடுக்கறதை வாங்கி வெச்சுக்கும், கேட்டாத் திருப்பித் தரும். அவ்ளோதான் அதுக்குச் சோலி,” என்றார் ஆறுச்சாமி.

கணபதி ஊர்ப் பேக்கரியில் அவரை யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை. மாஸ்டர் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்றவர் கடித்த தேங்காய் பன்னைக் கையில் பிடித்தபடி, எந்தப் பெட்டி, எந்தக் கண்ணாடி என்று விழித்தார். முந்தின நாள் சாயங்காலம்தான் மகளையும் ஐந்து மாதப் பேத்தியையும் பூனாவுக்கு ரயிலேற்றிவிட்டு வந்திருந்தார் ஆறுச்சாமி. ஆள் இன்றைக்கு மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவார், நாலு ஆறுதல் சொல்லலாம் என்று பேக்கரியே காத்திருந்தது. அவரோ கல்யாண வீட்டுக்காரர் மாதிரி சிரித்துக்கொண்டு வந்து நின்றார்.

அந்தச் சிரிப்பு புரிய வேண்டுமானால் பெட்டியின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

ஆறுச்சாமிக்கு ஐம்பத்து நாலு வயது. மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். கருகிப்போன பம்பு மோட்டாரைக் கொண்டுவந்து போட்டால் மோந்து பார்த்தே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். அவருடைய அப்பன் பண்ணையத்துக் கூலியாள். மகனை அஞ்சாவதோடு நிறுத்திப் பட்டறைக்கு அனுப்பிவிட்டார். ஆறுச்சாமி தன் மகள் இனியாவை நிறுத்தவில்லை. அவள் கம்ப்யூட்டர் படித்து, வீட்டிலிருந்தே கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுத்தாள். கல்யாணமாகிப் பூனா போனபோது கம்ப்யூட்டரை அப்பன் வீட்டிலேயே விட்டுப் போனவள், தலைப்பிரசவத்துக்கு வந்ததும் தூசி தட்டி எடுத்தாள்.

தொண்ணூற்றொன்பது மே மாதம் யாழினி பிறந்தாள். அன்றிலிருந்து ஆறுச்சாமிக்குக் கால் தரையில் பாவவில்லை. பக்கத்துக் கடை ரேடியோ மெக்கானிக் அப்துல் நாசரிடம் ஒரு மைக் வாங்கி, குழந்தை தூங்குகிற தூரிக்கு மேலே கட்டினார். குழந்தை அழுதாலும், தும்மினாலும், விக்கினாலும் கம்ப்யூட்டருக்குள் பதிவானது.

“எம் பேத்தி பேசுன மொத வார்த்தையே ‘ங்கா’ன்னுதானுங்க. பொறக்கறப்பவே மரியாதையோட பொறந்திருக்கறா,” என்று பட்டறைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

ஜூன் கடைசியில் ஒரு நாள், கம்ப்யூட்டரின் டிஸ்க் கறகறவென்று அரைத்துவிட்டு நின்றுபோனது. மூன்று கல்யாணப் பத்திரிகையும், பேத்தியின் முதல் மாதத்து அழுகையும் ஒன்றாகப் போயின. வேறு டிஸ்க் மாட்டிப் பத்திரிகையை இனியா மறுபடி அடித்துவிட்டாள். போன மாதத்து அழுகையை மறுபடி அழச் சொல்ல முடியுமா?

ஆறுச்சாமி ரெண்டு நாள் சரியாகச் சோறு தின்னவில்லை. மூன்றாம் நாள் கேட்டார். “ஏங்கண்ணு, ஸ்பேர் இல்லாமயா இத்தனை நாளா ஓட்டுனே? ஒரு கெணத்துக்கு மோட்டார் மாட்டுனா ஸ்பேர் மோட்டார் ஒண்ணு தோட்டத்துச் சாளையில கெடக்கோணும்.”

“கம்ப்யூட்டருக்கும் அப்படித்தானுங்ப்பா. இன்னொரு பொட்டி வெச்சு, தெனமும் அதுல ஒரு காப்பி எடுத்துப்போடோணும்.”

“அப்ப வெச்சுப்போடலாம்.”

டவுனில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர், புது மெஷின் வாங்கிப் பழையதைக் கழித்துக் கட்டியபோது, ஒரு பென்டியம் பெட்டியை நாசர் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்தார். பக்கத் தகடு இல்லை. மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டித் தகட்டை ஆறுச்சாமி அளவுக்கு வெட்டி மாட்டினார். கரண்ட் ஏறி இறங்கினால் ஆகாது என்று நாசர் சொன்னதும், ஸ்டெபிலைசருக்குத் தன் கையாலேயே காயில் கட்டினார். கொல்லையில் குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்டி, பெட்டிக்கென்று தனியாக ஒரு எர்த் போட்டார். பெட்டியை ஓட்ட, இனியா ஒரு கம்ப்யூட்டர் புத்தகத்தோடு வந்த சிடியிலிருந்து லினக்ஸ் ஏற்றினாள். முன்னறைக் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு கறுப்பு ஒயர் ஜன்னல் வழியாகப் போய், சமையலறையில் அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் இருந்த பெட்டியில் முடிந்தது. நாசரின் கேசட்டுகளில் இருந்த நாதஸ்வரமெல்லாம்கூட அதற்குள் குடியேறின.

ஆகஸ்டில் பெட்டி பெருத்தது. முன்னறைக் கம்ப்யூட்டரில் இடம் பத்தாமல் பேத்தியின் பதிவெல்லாம் பெட்டிக்கே குடிபோய், அங்கே மட்டும்தான் இருந்தது. ஸ்பேருக்கும் ஒரு ஸ்பேர் வேண்டாமா என்று ஆறுச்சாமி கேட்டார். அதனால் உள்ளே இரண்டாவது டிஸ்க் ஒன்று மாட்டினார்கள். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு முதல் டிஸ்க்கில் இருப்பதெல்லாம் தானாகவே இரண்டாவதுக்கும் போகும். ரெண்டு டிஸ்க்கின் சூட்டுக்கு ஒரு ஃபேன் பத்தாதென்று இன்னொன்றும் வந்தது.

“ஊட்டுல மனுசருக்கு ஒரு ஃபேனு, பொட்டிக்கு ரெண்டு ஃபேனாக்கும்,” என்றார் அவர் மனைவி ராமாத்தாள்.

“அதுக்குள்ள இருக்கறதும் உன்ற பேத்திதான் அம்மணி.”

ராமாத்தாள் அரிசி டிரம்மைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பெட்டிக்குக் காற்று விட்டார்.

ஐந்தாம் மாதம் பிறந்தது. மாப்பிள்ளை ரவிக்குமார் அழைத்துப்போக வந்தார். விஜயதசமியன்று சாயங்காலம் ரயில். ஆறுச்சாமிக்கு உள்ளுக்குள் கலக்கம்தான். ஆனாலும் பெட்டி இருக்கிறது, அதில் பேத்தியின் சிரிப்பு இருக்கிறது என்று தேற்றிக்கொண்டார்.

அதற்கு முந்தின நாள் ஆயுத பூஜை. பட்டறையில் ஒரு திருப்புளி பாக்கியில்லாமல் கழுவித் துடைத்துப் பொட்டு வைக்கிற ஆள் அவர். வீட்டில் உழைக்கிற பெட்டியை விட்டுவிடுவாரா? மேலே தகட்டுக்குப் பொட்டு வைத்தால் போதாது, வேலை செய்கிறது உள்ளே இருக்கிற டிஸ்க்தானே என்று ரெண்டையும் கழற்றினார். காயில் கட்டுகிறவரின் பழக்கம், கழன்று வருவதையெல்லாம் கழற்றித்தான் துடைப்பார். ஒரு டிஸ்க்கின் பின்னால் உளுந்து அளவில் ஒரு கறுப்புத் துண்டு செருகியிருந்தது. அதையும் உருவித் துடைத்து ஒரு எவர்சில்வர் மூடியில் வைத்தார். ரெண்டு டிஸ்க்குக்கும் மும்மூன்று சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். பூஜை முடிந்தது. பொரிகடலை பதினேழு வீட்டுக்குப் போனது.

மறுநாள் காலை மறுபூஜை போட்டுவிட்டு டிஸ்க்குகளை மாட்டினார். கறுப்புத் துண்டு அவர் ஞாபகத்திலேயே இல்லை. பெட்டி உறுமியது, ஃபேன் ரெண்டும் சுற்றின. முன்னறைக் கம்ப்யூட்டரிலிருந்து இனியா பெட்டியைக் கூப்பிட்டுப் பார்த்தாள். பதில் இல்லை. மானிட்டரைத் தூக்கி வந்து பெட்டியில் சொருகிப் பார்த்தாள்.

“அப்பா, டிஸ்க் ஒண்ணுகூடத் தெரியலீங்ப்பா.”

ஆறுச்சாமி அரிசி டிரம்மின் மேல் உட்கார்ந்துவிட்டார். சந்தன ஈரம் உள்ளே இறங்கிவிட்டதா? முதல் மாதம்தான் போனது, மீதி நாலு மாதமும் தன் கையாலேயே போய்விட்டதா? பொழுது இறங்கினால் பேத்தி போய்விடுவாள். இந்தப் பெட்டியை எழுப்பத் தெரிந்த இனியாவும் போய்விடுவாள்.

நாசர் வந்து டிஸ்க்குகளைத் திருப்பிப் பார்த்தார். “ஏனுங்ண்ணா, இதும்பின்னால பொடுசா ஒரு கருப்புத் துண்டு இருந்துச்சே, எங்கீங்க?”

“அதையா? அது சும்மா இருந்துச்சு பாய்.”

“சும்மா இல்லீங்ண்ணா. ரெண்டும் ஒரே ஒயர்ல கெடக்குது. ஆரு மூத்தவன்னு சொல்றதே அந்தத் துண்டுதான். அது இல்லீன்னா, விசேசத்துல மொதத் தாம்பூலம் ஆருக்குன்னு தெரியாம ரெண்டு சொந்தக்கார ஒறம்பரையும் மொறைச்சுட்டு நிப்பாங்களே, அந்தக் கதைதான்.”

“வேற துண்டு இல்லியா?”

“எங்கடையில இல்லீங்க. டவுன்லயும் பூசை நோம்பிக்குப் பூட்டிட்டாங்க. அதை எங்க வெச்சீங்க?”

“ஒரு மூடியில.”

ராமாத்தாள் மெதுவாகச் சொன்னார். “அந்த மூடியிலதானுங்க நான் பொரி அள்ளுனேன்.”

அப்படியென்றால் துண்டு பொரியோடு பொரியாக, பதினேழு வீட்டில் ஏதோ ஒன்றுக்குப் போயிருக்கிறது.

கொடுத்த பிரசாதத்தைத் திருப்பிக் கேட்ட மனுசன் கணபதியில் அதுவரை இல்லை. ஆறுச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். விருந்துக்கு வந்த மாப்பிள்ளை சல்லடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தார்.

“ஏனுங்க, நேத்துக் குடுத்த பொரி மிச்சமிருக்குதுங்களா?”

“ஏனுங்க, உங்களுக்கே பத்தலீங்களா?” என்றது முதல் வீடு. ரெண்டாம் வீட்டில் மொத்தமும் தின்று முடித்துவிட்டுத் தங்கள் வீட்டுச் சுண்டலைக் கொடுத்தார்கள். அடுத்த வீட்டில் பொரியைச் சலித்ததில் கடலைத் தோல்தான் விழுந்தது. “மாப்பிள்ளையவே சலிக்க உட்டுப்போட்டீங்களே, ரவையும் சித்த இருக்குது, சலிச்சுக் குடுக்கச் சொல்லுங்க,” என்றது இன்னொரு வீடு. பத்து வீடு முடிவதற்குள் ஆறுச்சாமியின் கையில் சுண்டல், வாழைப்பழம், ஒரு முறுக்குப் பொட்டலம் எல்லாம் சேர்ந்துவிட்டன. துண்டு மட்டும் சேரவில்லை.

பதினாலாவது வீடு வள்ளியாத்தாளுடையது. மில் வேலையிலிருந்து நின்றுவிட்ட அம்மா. கேள்வியை முடிக்கவே விடவில்லை.

“கருப்பா, பொடுசாவா? என்ற பல்லுல தட்டுச்சுங்க. கல்லுன்னு துப்பப் போனேன். பூசையில வெச்ச பொரியில வந்ததை வீசலாமுங்களா? கழுவிச் சாமிகிட்ட வெச்சுட்டேன்.”

சாமிப் படத்துக்கு முன்னால், ஒரு செம்பருத்திப் பூவின் மேல், அந்த உளுந்தளவுத் துண்டு உட்கார்ந்திருந்தது. அதன் தலையில் குங்குமமும் வைத்திருந்தார். ஆறுச்சாமி அதை ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வேட்டி மடிப்பில் வைத்தால் விழுந்துவிடும் என்று உள்ளங்கையை மூடிக்கொண்டே வீடுவரை வந்தார்.

நாசர் குங்குமத்தைத் துடைத்துவிட்டு, பழைய பள்ளத்திலேயே செருகினார். பெட்டி ஒருமுறை ‘பீப்’ என்றது. மானிட்டரை முன்னறைக்குத் திருப்பிக் கொண்டுபோன இனியா அங்கிருந்து கூவினாள்.

“ரெண்டும் வந்துருச்சுங்ப்பா. மூத்தவன், எளையவன் ரெண்டும்.”

அவள் ஒரு பதிவைத் தட்டினாள். ஸ்பீக்கரில் யாழினி சிரித்தாள், ஆவணி மாதத்துச் சிரிப்பு. ராமாத்தாளின் இடுப்பிலிருந்த யாழினி திடுக்கிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தாள். இந்த வீட்டில் இன்னொரு குழந்தையா என்று ஸ்பீக்கரை உற்றுப் பார்த்தாள். அப்புறம் அதைவிடப் பெரிதாகச் சிரித்தாள். ஆறுச்சாமி ஓடிப்போய் மைக்கைத் திறந்தார். அந்தச் சிரிப்பும் உள்ளே போனது. ரயிலுக்குப் போகும்வரை மைக்கை அவர் மூடவே இல்லை. ராமாத்தாள் பலகாரம் கட்டுகிற சத்தமும், மாப்பிள்ளை செருப்பைத் தேடுகிற சத்தமும்கூட அதில் இருக்கின்றன.

பேக்கரியில் இதையெல்லாம் கேட்டு முடித்தபோது பன் வைத்திருந்தவர் பன்னை மறந்திருந்தார். மாஸ்டர் ரெண்டாவது டீயை அவரே நீட்டினார்.

“அப்ப அடுத்த வருசம் அதுக்குப் பொட்டு கிடையாதுங்களா?”

ஆறுச்சாமி டீயை ஊதி ஒரு வாய் குடித்தார்.

“வெக்காம உடுவனுங்களா? தப்பு பொட்டு மேல இல்லீங்க, ரெண்டையும் ஒட்டுக்காக் கழட்டுனதுதான் தப்பு. வாற நோம்பிக்கு மூத்தவனுக்கு மட்டும் வெப்பேன். எளையவன் உள்ளயே இருக்கட்டும், அவனுக்கு அதுக்கடுத்த வருசம். எப்பிடியும் பொட்டு வெக்க எம் பேத்தி வந்திருவா.”