இங்கே மறுக்கா கிடையாது

எங்கள் பேக்கரியில் சுவரோடு ஒரு டிவி மாட்டியிருக்கிறோம். மாட்டச் சொன்னது என் வீட்டுக்காரர். டிவி இருந்தால் கூட்டம் வரும் என்றார். கூட்டம் வந்தது உண்மைதான். ஒரு டீயை வாங்கி, அதை ஆறவிட்டு, ஆறியதைச் சொட்டுச் சொட்டாக உறிஞ்சி, மேட்ச் முடியும்வரை பெஞ்சைவிட்டு அசையாத கூட்டம். நடுவில் யாராவது ஒருவர் ஒரு தேங்காய் பன் கேட்பார் என்று பார்ப்பேன். கேட்கமாட்டார்கள். டிவியில் விளையாட்டு பார்ப்பது சும்மாதானே என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சும்மா எல்லாம் இல்லை. கரண்ட் பில் நான் கட்டுகிறேன்.

இந்தச் சும்மா கட்சிக்குத் தலைவி என் அக்காதான். சிங்காநல்லூரில் எங்கள் கடைக்கு அடுத்த தெருவில் அவள் வீடு. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. சீரியல் பார்க்கமாட்டாள், செய்தி பார்க்கமாட்டாள், கால்பந்து மட்டும் பார்ப்பாள். எல்லாம் மாமாவிடமிருந்து ஒட்டிக்கொண்டது. மாமா என்றால் அவள் வீட்டுக்காரர், பம்ப் கம்பெனியில் வேலை பார்த்தவர். பூங்காவை ஒட்டிய ஸ்டேடியத்தில் பந்து உருண்டால் போதும், அவர் அங்கே இருப்பார். கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "நீயும் ஒருக்கா வாயேன்" என்பார். "அதான் டிவில வருதுங்களே" என்பாள் அக்கா. அவர் அங்கே வெயில் ஏறிய படியில் உட்கார்ந்து பார்ப்பார், இவள் இங்கே ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து அதே மேட்சைப் பார்ப்பாள். திரும்பி வந்ததும் அது ஆஃப்சைடா இல்லையா என்று இருவருக்கும் சண்டை நடக்கும். ஜெயிப்பது அக்காதான். அவள் அதை டிவியில் மறுக்கா மறுக்கா, அதாவது திரும்பத் திரும்ப, வேறு வேறு பக்கத்திலிருந்து பார்த்தவள் அல்லவா.

மாமா போன வருஷத்துக்கு முந்தின வருஷம் தவறிவிட்டார். அதற்குப் பிறகு அக்கா வீட்டைவிட்டு வெளியே வருவதையே நிறுத்திவிட்டாள். பாலும் காய்கறியும் நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அவிநாசிக் கோயிலுக்குக் கூப்பிட்டேன், முட்டி வலிக்கிறது என்றாள். பெருந்துறையில் நெருங்கிய சொந்தத்தில் ஒரு கல்யாணம் வந்தது. "நான் வல்ல கண்ணு. போனா எல்லாரும் என்ற மூஞ்சியவே பாப்பாங்க" என்று சொல்லிவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டினாள். பெங்களூரில் இருக்கும் அவள் மகள் எனக்குப் போன் செய்தாள். "சித்தி, அம்மா டிவிகூடப் பேசறாங்க. எனக்குப் பயமா இருக்குதுங்க." நான் தைரியம் சொல்லி வைத்தேன். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. இப்படியே விட்டால் அக்கா அந்த சோபாவிலேயே தேய்ந்து முடிந்துபோவாள் என்று தோன்றியது.

அப்போதுதான் எங்கள் ஒற்றை டீக்காரர்களில் ஒருவர், நம் ஊர் ஸ்டேடியத்தில் மேட்ச் இருக்கிறது, டிக்கெட் சல்லிசுதான் என்றார். அவர் போனிலேயே இரண்டு டிக்கெட் எடுக்கச் சொன்னேன். உண்மையிலேயே சல்லிசு. தியேட்டரில் பாப்கார்ன் அதைவிட அதிகம்.

அக்காவிடம் சொன்னதும் கணக்கு ஆரம்பமானது. "டிக்கெட்டுக்குத் தனி, பஸ்ஸுக்குத் தனி, அங்க போயித் திங்கறதுக்குத் தனி. ஊட்டுல உக்காந்தா பந்து மூக்குக்கு முன்னால வருது. அங்க ஆளெல்லாம் எறும்பாட்டத் தெரியும். காசு குடுத்து எறும்பு பாக்கோணுமா?"

"வாங்கியாச்சுங்கக்கா. போகலீன்னா வீணாப் போயிரும்."

வீண் என்ற சொல்லைக் கேட்டதும் அவள் முகம் மாறியது. எங்கள் வீட்டுப் பெண்கள் எதை வேண்டுமானாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள், வீணாக்குவது மட்டும் முடியாது. தயிர் பாக்கெட்டைக் கத்தரித்து, தண்ணீர் விட்டுக் கழுவி, அதையும் மோரில் ஊற்றுகிறவள் அக்கா. டிவி மேட்சைப் பார்க்காமல் விட்டால் யாருக்கும் நஷ்டம் இல்லை. டிக்கெட் அப்படி இல்லை. கடையில் போட்ட பப்ஸ் மாதிரி, அன்றைக்குத் தீர்ந்தால்தான் உண்டு. "உன்ற காச இப்புடி உட்டெறியச் சொல்லி ஆரு சொன்னா" என்று திட்டிக்கொண்டே பீரோவைத் திறந்து சேலை தேடினாள். எனக்கு வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

பஸ்ஸில் போனோம். ஒரு கட்டைப்பை நிறைய வேகவைத்த கடலை, தண்ணீர், உட்கார இரண்டு பழைய பெட்ஷீட், குடை. ஏதோ சத்தியமங்கலம் காட்டுக்குள் தங்கப்போகிற மாதிரி ஏற்பாடு. வழியெல்லாம் அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவிநாசி ரோட்டில் மேம்பாலம் இவ்வளவு தூரம் வந்துவிட்டதா என்று கேட்டாள். எத்தனை நாளாக வெளியே வரவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

உள்ளே போய் உட்கார்ந்ததும் அக்காவுக்கு இருப்பே கொள்ளவில்லை. கமெண்டரி இல்லை. "பந்து ஆருகிட்ட இருக்குதுன்னு ஆராச்சும் சொன்னாத் தேவலையே" என்றாள். யாரும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவளே சொல்ல ஆரம்பித்துவிட்டாள். "இடது பக்கம் ஆளே இல்ல பாரு. அக்கட்டால தள்ளோணும். தள்ளு, தள்ளு. போச்சு." முன்வரிசையில் உக்கடத்துக்காரர் ஒருவர் குடும்பத்தோடு வந்திருந்தார். அவர் பாதி மேட்சை மைதானத்தில் பார்த்தார், மீதியை அக்காவின் வாயில் கேட்டார்.

ரெஃப்ரி தப்பாக விசில் ஊதியபோது சுற்றிலும் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கோபம் வரும், அந்த 'ங்க' மட்டும் போகாது. "ஏனுங்க, கண்ணு தெரியறதில்லீங்களா?" என்று பின்னாலிருந்து ஒருவர் தொண்டை கிழியக் கத்தினார். அக்காவும் எழுந்து நின்று, "பாத்து ஊதுங்க, அது பவுலே இல்லீங்க" என்றாள். வீட்டில் டிவியோடு பேசினால் மகளுக்குப் பயம். இங்கே ஸ்டேடியமே அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தது.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் அக்கா குனிந்து பைக்குள் கையைவிட்டு எனக்குக் கடலை அள்ளினாள். அந்த நேரம் பார்த்து நம் அணி கோல் போட்டது. மொத்தக் கூட்டமும் துள்ளியது. நானும் துள்ளினேன். அக்கா மட்டும் நிதானமாகக் கடலையை என் கையில் கொட்டிவிட்டு, நிமிர்ந்து, மைதானத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னக்கா?"

"இரு கண்ணு, மறுக்கா போடுவாங்கல்ல."

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. முன்வரிசைக்காரர் திரும்பி, ரொம்ப மரியாதையாக, "இங்க மறுக்காவெல்லாம் இல்லீங்கம்மா. போனா போனதுதானுங்க" என்றார்.

அக்கா சிரிக்கவில்லை. கடலைத் தோலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். ஆட்டம் மறுபடி தொடங்கி, பந்து எங்கெங்கோ போய் வந்தது. அவள் கமெண்டரி நின்றுவிட்டது.

"உங்க மாமா ஒவ்வொருக்காவும் கூப்புட்டாரு கண்ணு" என்றாள். "வாசல்ல நின்னு கூப்புட்டாரு. நான் டிவில வருதுங்களேன்னு சொல்லிப்போட்டேன்."

வாயில் கடலை இருந்தது நல்லதாகப் போயிற்று. கடலைமேல் பழியைப் போட்டு இருமிக்கொண்டே அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அக்காவுக்காக அழ எனக்கு வெட்கம் இல்லை. ஆனால் உக்கடத்துக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது பாதியில் அக்கா பையைத் தொடவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதற்கும் தலையை மட்டும் ஆட்டினாள். இரண்டு கைகளையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டு, பந்து போகும் பக்கமெல்லாம் தலை திரும்பப் பார்த்தாள். எதிரணி பதிலுக்கு ஒரு கோல் போட்டு மேட்ச் டிராவானது. அதை அவள் முழுசாகப் பார்த்தாள். நம் ஆட்கள் வாங்கிய கோல்தான், ஆனாலும் பார்த்தாள். வெளியே வந்து தள்ளுவண்டியில் ஆளுக்கொரு தட்டு காளான் மசாலா சாப்பிட்டோம். காசைக் கொடுக்கப்போன என் கையைத் தட்டிவிட்டு அவளே கொடுத்தாள்.

திரும்பும்போது கடையில் எட்டிப் பார்த்தோம். ஒற்றை டீக்காரர்கள் எல்லாரும் பெஞ்சில் இருந்தார்கள். டிவியில் முடிந்துபோன எங்கள் மேட்சைத்தான் மறுபடி காட்டிக்கொண்டிருந்தார்கள். "அக்கா, வாங்க வாங்க. கோல் போடறாங்க பாருங்க" என்று ஒருவர் இடம் ஒதுக்கினார். அக்கா உட்காரவில்லை. அவள் தவறவிட்ட அந்தக் கோலை முன்னாலிருந்து ஒருமுறை, பின்னாலிருந்து ஒருமுறை, மெதுவாக ஒருமுறை போட்டார்கள். படியில் நின்றே பார்த்தாள்.

"இதென்ன, எறும்பாட்ட இருக்குது" என்று சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தாள்.

வீட்டு வாசல்வரை கூடப் போனேன். அக்கா பூட்டைத் திறந்தாள், கதவைத் தள்ளினாள், செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். உள்ளே இருட்டில் டிவியின் சிவப்பு விளக்கு தெரிந்தது.

"அடுத்த மேட்ச் எப்பவாமா?"

"ரெண்டு வாரம் இருக்குதுங்கக்கா" என்றேன். நாக்கு சும்மா இருக்குமா. "அதான் டிவில வருதுங்களே" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பர்ஸைத் திறந்து என் உள்ளங்கையில் ரூபாயை வைத்து அழுத்தினாள்.

"டிக்கெட்ட இப்பவே வாங்கிப்போடு கண்ணு. வாங்காமப் போனா நான் மறுக்கா இந்த டிவிக்கு முன்னாலயே உக்காந்துக்குவேன்."